எரிதல், நீறாதல், சுவாசித்தல்: பதினெட்டாம் நூற்றாண்டு இரசாயனவியலும் சமூகமும்

விறகு எரிந்து சாம்பலாகின்றது. ஈயம் நெடுநேரம் காய்ச்சப்படின் உலோகத் தன்மையிழந்து நீறாகின்றது. மூடிய கண்ணாடிக் குடுவையினுள் அடைபட்ட சுண்டெலி சிறிது நேரம் மூச்செறிந்து மடிகின்றது. ஒன்றோடொன்று தொடர்பற்றனவாகத் தோன்றும் இம்மூன்றும் ஒரே செயன்முறையின் வெவ்வேறு தோற்றங்களே என்னும் உண்மை நிலைநாட்டப்பட்டு இரண்டரை நூற்றாண்டு காலமே ஆகின்றது. இன்று வளிமண்டலத்தின் இரசாயனம், உலோகங்களின் இயல்பு, விலங்குகளின் உடற்றொழில் ஆகியன வெவ்வேறு துறைகளாகப் பயிலப்படுகின்றன. ஆயின், இவை மூன்றும் ஒரே ஆய்வுகூடத்தில் ஒரே வினாவுக்கு விடை தேடிய காலமொன்று இருந்தது. அக்காலத்தை நோக்குவதும், விஞ்ஞானிக்கும் அவன் சார்ந்த வர்க்கத்துக்கும் இடையிலான உறவு அங்கு எவ்வாறு அமைந்தது என ஆராய்வதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. புளொசித்தன் கொள்கை

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பிய இரசாயனவியலில் செல்வாக்குப் பெற்றிருந்தது ஜெர்மானியரான ஸ்ரால் வகுத்த புளொசித்தன் கொள்கையாகும். எரியத்தக்க பொருள்கள் யாவற்றிலும் புளொசித்தன் என்னும் எரிமூலம் உறைகின்றது. எரியும்போது அது வெளியேறுகின்றது. உலோகம் அதனை இழந்தே நீறாகின்றது என்பது அதன் சாரம். இன்று இக்கொள்கையை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால், உலைக்களத்தில் நிகழ்வதை அது ஒரு சீராக விளக்கிற்று என்பதை நாம் மறத்தலாகாது. தாதுவுடன் கரியைச் சேர்த்து உருக்கினால் உலோகம் கிடைப்பது ஏன்? கரியிலுள்ள புளொசித்தன் தாதுவுட் புகுவதனால் என அக்கொள்கை விடையிறுத்தது. சுரங்கத் தொழிலும் உலோகத் தொழிலும் வளர்ந்திருந்த நாட்டில் இத்தகைய கொள்கை வேரூன்றியமை வியப்பன்று.

எனினும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. ஒன்றை இழந்த பொருள் நிறை குறைதல் வேண்டும். உலோகமோ நீறானதும் நிறை கூடியது. வெள்ளீயத்தின் நிறை கூடுவதற்கு வளியே காரணம் என்று பிரான்சைச் சேர்ந்த ஜீன் ரே 1630இலேயே கூறியிருந்தார். மெழுகுதிரியும் சுண்டெலியும் வளியின் ஒரு பகுதியையே பயன்படுத்துகின்றன என்பதை ஆங்கிலேயரான மேயோ 1674இல் வெளியிட்ட நூலிற் காட்டியிருந்தார். இக்கருத்துகள் பரவலாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. வளிகளைச் சேகரித்துப் பிரித்தறியும் கருவிகளும் முறைகளும் அன்று போதிய வளர்ச்சி பெற்றிராமை அதற்கொரு முக்கிய காரணம் எனலாம்.

2. தராசும் வளியும்

1772 நவம்பர் 1ஆந் திகதியிட்ட, முத்திரையிடப்பட்ட குறிப்பொன்றைப் பாரிசிலிருந்த விஞ்ஞானக் கழகத்திடம் இலவோசியர் ஒப்படைத்தார். கந்தகமும் பொசுபரசும் எரியும்போது வளியை உள்ளெடுத்து நிறை கூடுகின்றன என்பது அதன் பொருள். ஆயின் உள்ளெடுக்கப்படும் வளி எத்தகையது என்பது அவருக்குத் தெளிவாகவில்லை. அதற்கான திறவுகோல் வேறிடத்திலிருந்து வந்தது. 1774 ஆகஸ்ட் 1ஆந் திகதி, இங்கிலாந்தில் பிறீஸ்ற்லி என்னும் பாதிரியார் குவிவில்லையாற் சூரிய ஒளியைக் குவித்து இரசத்தின் செந்நீற்றை வெப்பமேற்றினார். வெளிப்பட்ட வாயுவில் மெழுகுதிரி பேரொளியுடன் எரிந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் பாரிசு சென்றிருந்த அவர், விருந்தொன்றின்போது இதனை இலவோசியரிடம் தெரிவித்தார். சுவீடனில் மருந்தாளராகத் தொழில் புரிந்த சீலே இவ்வாயுவை அதற்கு முன்னரே பிரித்தெடுத்திருந்தார்; ஆனால் அவரது நூல் 1777இலேயே வெளிவந்தது. பிறீஸ்ற்லிக்குத் தாம் பட்ட கடனை இலவோசியர் உரியவாறு ஒப்புக்கொள்ளவில்லை என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

இலவோசியரின் தனித்துவம் வாயுவைக் கண்டதிலன்று, அதனைக் கணக்கிற் கொண்டுவந்ததிலேயே உள்ளது. 1789இல் வெளிவந்த அவரது பாடநூல் விவரிக்கும் பரிசோதனையில், நான்கு அவுன்சு இரசம் 50 கன அங்குல வளியோடு பன்னிரண்டு நாள்கள் வெப்பமேற்றப்பட்டது. வளி 42 அல்லது 43 கன அங்குலமாகச் சுருங்கியது. 45 கிரெயின் செந்நீறு தோன்றிற்று. எஞ்சிய வளியில் விலங்குகள் மூச்சுத் திணறின, சுடர் அணைந்தது. அச்செந்நீற்றை வன்மையாக வெப்பமேற்றியபோது நாற்பத்தொன்றரை கிரெயின் இரசமும் ஏழெட்டுக் கன அங்குல வாயுவும் மீண்டன. மீண்ட வாயுவை எஞ்சிய வளியோடு கலந்தபோது சாதாரண வளி கிடைத்தது. இழந்தது எவ்வளவோ அவ்வளவே மீண்டது. உலோகத்தின் நீற்றைக்கொண்டே வளிமண்டலத்தின் ஆக்கம் அறியப்பட்டது.

அவர் அவ்வாயுவுக்கு ஒட்சிசன், அதாவது அமிலத்தைத் தோற்றுவிப்பது, எனப் பெயரிட்டார். அமிலங்கள் யாவற்றிலும் அது உண்டு என்னும் அவரது எண்ணம் தவறானது என்பதை டேவி 1810இல் நிறுவினார். பிழையான கருத்தொன்றைச் சுமந்த பெயரே இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது. தமிழில் வழங்கிய பிராணவாயு என்னும் சொல்லோ அதன் உயிர்த் தொழிலைச் சுட்டுகின்றது.

3. கினிப்பன்றியும் பனிக்கட்டியும்

1782-83 மாரிக்காலத்தில் இலவோசியரும் கணிதவியலாளரான இலப்பிளாசும் பனிக்கட்டியாற் சூழப்பட்ட கலமொன்றினுட் கினிப்பன்றியை வைத்து, அதன் உடல்வெப்பத்தால் உருகிய பனிக்கட்டியை நிறுத்தனர். பத்து மணித்தியாலத்தில் 13 அவுன்சு உருகியது. அதே காலத்தில் அவ்விலங்கு வெளியிடும் காபனீரொட்சைட்டு, கரி எரிவதால் உண்டாகியிருப்பின் எவ்வளவு பனிக்கட்டி உருகும் எனவும் கணித்தனர். விடை பத்து அவுன்சுக்குச் சிறிது மேலாக இருந்தது. இரு எண்களும் முற்றாகப் பொருந்தவில்லை. ஆயினும், சுவாசம் என்பது மெதுவாக நிகழும் எரிதலே என்று துணிந்துரைக்க அந்நெருக்கம் போதியதாயிற்று. உயிரின் வெப்பத்தை இனி மறைபொருளாகக் கொள்ளவேண்டியதில்லை. இவ்வெரிதல் நுரையீரலில் நிகழ்வதாக அவர்கள் கருதினர். உடலின் இழையங்களிலேயே அது நிகழ்கின்றது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற்றான் உறுதியாயிற்று.

4. உழைப்பின் அளவை

பிரெஞ்சுப் புரட்சி வெடித்த காலத்தில் இவ்வாய்வு மனிதனை நோக்கித் திரும்பியது. இலவோசியரின் உதவியாளரான செகன் முகமூடியணிந்து தம்மையே பரிசோதனைப் பொருளாக்கிக் கொண்டார். வெறுவயிற்றுடன் ஓய்ந்திருக்கும் மனிதன் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 1,200 கன அங்குல ஒட்சிசனை உட்கொள்கின்றான். பாரந்தூக்கி உழைக்கும்போது அது 3,200 வரை உயர்கின்றது எனக் கண்டனர். இவ்வாய்வுகளைச் சித்திரித்தவர் இலவோசியரின் துணைவியாரான மரி ஆன். அச்சித்திரமொன்றில் அவரே மேசையருகிலமர்ந்து பெறுபேறுகளைக் குறித்துக் கொண்டிருப்பதைக் காணலாம்.

இவ்வெண்களிலிருந்து எழுந்த முடிபே எமது சிறப்பான கவனத்துக்குரியது. உழைப்பவன் தன் உடலை மிகுதியாக எரிக்கின்றான். எனவே அவனுக்கே உணவு மிகுதியாக வேண்டும். நடைமுறையிலோ, தேவை குறைந்த செல்வந்தனிடம் உணவு நிறைந்திருக்கின்றது; தேவை மிகுந்த ஏழை அரைவயிற்றோடு வாழ்கின்றான். இதற்கு இயற்கையைப் பழித்தலாகாது. குறை சமூக நிறுவனங்களினுடையது. உழைப்பின் விலையை உயர்த்தும் நல்ல நிறுவனங்கள் தோன்றவேண்டும் என்று இருவரும் தம் ஆய்வுரையில் எழுதினர். ஏழையின் பசி ஆய்வுகூடத்தின் அளவைக்குட்பட்ட உண்மையாயிற்று.

5. முரண்பாடு

இவ்வாறு எழுதியவர் யார்? 1768 தொடக்கம் மன்னராட்சியின் வரிக்குத்தகைக் கழகத்திற் பங்காளராயிருந்தவர். உப்பு, புகையிலை, பாரிசு நகருட் புகும் பண்டங்கள் ஆகியவற்றின் மீதான வரியை அக்கழகமே அறவிட்டது. வரி ஏய்ப்பைத் தடுக்க 1780களில் நகரைச் சுற்றி எழுப்பப்பட்ட மதில் இலவோசியரின் யோசனையே. அவருடைய நுண்ணிய தராசுகளுக்கு விலை கொடுத்ததில், ஏழைகளின் உப்பிலிருந்து பெற்ற வருவாய்க்கும் பங்குண்டு. 1794 மே 8ஆந் திகதி, தம் மாமனார் உள்ளிட்ட இருபத்தேழு வரிக்குத்தகைக்காரருடன் அவர் கொலைத்தண்டனைக்குள்ளானார். குடியரசுக்கு விஞ்ஞானிகள் தேவையில்லை என நீதிபதி கூறியதாக வழங்கும் கதைக்குச் சமகாலச் சான்று கிடையாது. அவர் விஞ்ஞானியென்பதற்காகத் தண்டிக்கப்படவில்லை. விஞ்ஞானியென்பது அவரைக் காக்கவுமில்லை.

மறுபுறத்தில் பிறீஸ்ற்லி பிரெஞ்சுப் புரட்சியை வரவேற்றவர். அக்காரணத்தால் 1791 யூலையில் பேர்மிங்காமில் அரசபக்தி கொண்ட கும்பல் அவருடைய இல்லத்தையும் ஆய்வுகூடத்தையும் தீக்கிரையாக்கிற்று. 1794இல் அவர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். ஆயினும் 1804இல் இறக்கும்வரை பழைய புளொசித்தன் கொள்கையையே பற்றிநின்றார். அரசியலில் முற்போக்காளர் இரசாயனத்திற் பழைமைவாதி. இரசாயனத்திற் புரட்சியாளர் பழைய ஆட்சியின் வரித் தண்டலாளர்.

விஞ்ஞானியின் வர்க்கத்தைக் கொண்டே அவனது கொள்கையின் மெய்ம்மையை அளந்துவிடலாம் எனக் கருதுவோர் இவ்விருவரது வரலாற்றையும் ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். வர்க்கநிலை ஆய்வுக்கான வசதிகளையும் தடைகளையும் நிர்ணயிக்கலாம். தராசின் முள்ளை அது நிர்ணயிப்பதில்லை. அதேவேளை, தராசு காட்டிய உண்மையைச் செயற்படுத்தும் ஆற்றலும் தராசுக்கு இல்லை. உழைப்பவனுக்கு உணவு மிகுதியாக வேண்டும் என்பதை இலவோசியரின் ஆய்வுகூடம் நிறுவியது. அவ்வுணவை அவனுக்குக் கிடைக்கச் செய்தல் ஆய்வுகூடத்துக்கு வெளியே முடிக்கப்படவேண்டிய பணியாயிற்று. அப்பணி இன்னும் முற்றுப்பெறவில்லை.