சிக்லிட் மீன்களில் ஆண் எது, பெண் எது?

எங்கள் எதிர்வீட்டு அக்கா ஒரு நாள் விடியக்காலையில் வந்து, "தம்பி, இந்த முறையும் முட்டை எல்லாம் வெள்ளையாப் போச்சுது" என்றார். அது மூன்றாவது தடவை. சீட்டுக் காசில் ஏஞ்சல் மீன் சோடி ஒன்றை வாங்கி, குஞ்சு வளர்த்து விற்றால் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு ஆகும் என்று நம்பித் தொடங்கியவர். கணவர் இல்லாத வீடு. நான் போய் ரோச் லைற் அடித்துப் பார்த்தேன். தொட்டியில் இருந்த இரண்டும் பெண் மீன்கள்.

நானும் இதே பிழையை விட்டவன்தான். 2010இல் வன்னிக்கு மீள்குடியேறி வந்த பின், வீட்டோடு ஒரு சீமெந்துத் தொட்டி கட்டி அலங்கார மீன் வளர்க்கத் தொடங்கினேன். சோடி என்று தந்ததை நம்பி ஆறு மாதம் தீன் போட்டேன். கடைசியில் இரண்டும் ஆண். ஒன்று மற்றதைக் கடித்தே கொன்றுவிட்டது. வாழ்வாதாரமாக மீன் வளர்ப்பவருக்கு ஆறு மாதம் என்பது சிறிய இழப்பல்ல. அதனால் அனுபவத்தில் கற்றதை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

சிக்லிட் என்பது ஒரு பெரிய மீன் குடும்பம். ஏஞ்சல், ஒஸ்கார், டிஸ்கஸ், கொன்விக்ட், பிளவர்ஹோர்ன் எல்லாம் இதற்குள் அடங்கும். எங்கள் குளங்களில் பிடிபடும் திலாப்பியாவும், களப்புகளில் வாழும், சிங்களத்தில் கொரலியா எனப்படும் மீனும் இதே குடும்பம்தான். கப்பி மீனில் ஆணையும் பெண்ணையும் ஒரு பார்வையில் பிரித்துவிடலாம். சிக்லிட்டில் அப்படி முடியாது. எல்லா இனத்துக்கும் பொருந்தும் ஒரே அடையாளமும் இல்லை.

நிறத்தால் தெரிபவை

சில இனங்களில் நிறமே போதும். ஆனால் 'அழகானது ஆண்' என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். கறுப்பு வரிகள் கொண்ட கொன்விக்ட் மீனில், வயிற்றில் செம்மஞ்சள் பூச்சு இருப்பதுதான் பெண். ஆண் பெரிதாக, நீண்ட செட்டைகளோடு, சாம்பல் நிறமாக இருக்கும். வயது போகப் போக அதன் நெற்றி புடைக்கும்.

கிரிபென்சிஸ் மீனிலும் பெண்ணே அழகு. அதன் வயிறு உருண்டு, பழுத்த செரிப்பழம் போலச் சிவந்திருக்கும். ஆண் நீளமானது. அதன் முதுகுச் செட்டையின் பின்நுனி கூராக முடியும்.

ஆபிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த கென்யி மீன்கள் குஞ்சாக இருக்கும்போது எல்லாம் நீலம். வளர்ந்ததும் ஆண் மஞ்சளாக மாறும், பெண் நீலமாகவே இருக்கும். இது தெரியாமல் நீலக் குஞ்சுகளை எல்லாம் ஒரே பால் என்று நினைத்து வாங்குபவர்கள் உண்டு. இன்னொரு மலாவி மீனான மஞ்சள் லேப் இனத்தில் ஆணும் பெண்ணும் மஞ்சள்தான். அடிச்செட்டைகளில் கறுப்பு அடர்த்தியாக இருந்தால் ஆணாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் முதன்மையான ஒரு பெண்ணும் அப்படிக் கறுக்கலாம். அடிச்செட்டையில் முட்டை போன்ற மஞ்சள் புள்ளி இருந்தால் ஆண் என்பார்கள். அந்தப் புள்ளி பெண்ணிலும் வரும், அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

நிறத்தால் தெரியாதவை

ஏஞ்சல், டிஸ்கஸ், ஒஸ்கார் மூன்றிலும் ஆணும் பெண்ணும் வெளிப்பார்வைக்கு ஒன்றுதான். நெற்றிப் புடைப்பு, உடல் பருமன் என்று கடையில் சொல்வதெல்லாம் ஊகம். வயிறு ஊதியிருப்பது முட்டையாலும் இருக்கலாம், காலையில் போட்ட தீனாலும் இருக்கலாம்.

ஏஞ்சல் மீனில் நம்பக்கூடிய அடையாளம் முட்டையிடும் நாட்களில்தான் தெரியும். வயிற்றின் அடியில், கழிவுத் துவாரத்துக்கு அருகே ஒரு சிறு குழாய் வெளியே நீளும். ஆணுக்கு அது மெல்லியதாக, கூராக இருக்கும். பெண்ணுக்குத் தடித்து, நுனி மழுங்கியிருக்கும். பக்கவாட்டில் ரோச் லைற் பிடித்தால் தெளிவாகத் தெரியும். அக்காவின் தொட்டியில் நான் கண்டது இரண்டு தடித்த குழாய்கள்.

முட்டையிடும்போதும் கவனியுங்கள். பெண் இலையைத் தடவிக்கொண்டு போக, முட்டைகள் வரிசையாக ஒட்டும். ஆண் பின்னால் அதே வழியில் தடவிப் போகும், ஆனால் முட்டை விடாது. இரண்டு மீனும் முட்டை விட்டால் இரண்டும் பெண். ஆண் இல்லாத தொட்டியில் பெண்கள் இரண்டு சேர்ந்து இலையைத் துப்புரவாக்கும், முட்டையிடும், காவலும் இருக்கும். சோடி போலவே தெரியும். முட்டை மட்டும் வெள்ளையாகிவிடும்.

முட்டை வெளுத்தவுடன் மீனை மட்டும் குற்றம் சொல்லவும் வேண்டாம். ஆண் இளசாக இருந்தாலும், தண்ணீர் கடினநீராக இருந்தாலும் கருக்கட்டாது. யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். ஏஞ்சல் முட்டைக்கு மழைத்தண்ணீர் கலந்து கொடுப்பது நல்லது. மலாவி மீன்களுக்கோ அந்தக் கடினநீரே பிடிக்கும்.

கையில் பிடித்துப் பார்ப்பது

ஒஸ்கார் போன்ற பெரிய மீன்களைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். கையை நனைத்து, ஈரத்துணியில் மீனை மல்லாத்திப் பிடியுங்கள். முன்னால் இருப்பது கழிவுத் துவாரம், பின்னால் இருப்பது இனப்பெருக்கத் துவாரம். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் ஆண். பின்னது பெரிதாக, அகன்று இருந்தால் பெண். ஒரு நிமிடத்துக்குள் மீனைத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். சிறு குஞ்சுகளில் இது சரிவராது.

கை பழக, திலாப்பியாவில் தொடங்குங்கள். சந்தையில் வாங்கும் மீனிலேயே பார்க்கலாம். ஆணுக்கு 2 துவாரம், பெண்ணுக்கு 3. நடுவில் குறுக்குக் கீறல் போல் இருப்பது முட்டை வரும் வழி. கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் ஒரு துளி மை தடவினால் தெரியும்.

எல்லாவற்றிலும் நல்ல வழி

சோடி என்று சொல்லி விற்பதை வாங்காமல், ஒரே அளவான 6 குஞ்சுகளை வாங்கி ஒன்றாக வளருங்கள். ஆறும் ஒரே பாலாக அமைவது அரிது. ஏஞ்சல் மீன்கள் வளர்ந்ததும் தாங்களே துணை தேடும். இரண்டு மீன் ஒரு மூலையைப் பிடித்து மற்றவற்றைத் துரத்தத் தொடங்கினால், அந்த இரண்டையும் வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். அதன் பிறகு குழாயையும் பாருங்கள், முதல் முட்டையையும் பாருங்கள். அதுவரை அதைச் சோடி என்று சொல்ல வேண்டாம். விற்கும்போதும் அப்படித்தான். நாங்கள் ஏமாந்தது போல இன்னொருவர் ஏமாறக் கூடாது.

அக்கா அந்த இரண்டு பெண்ணையும் வைத்துக்கொண்டே 6 குஞ்சுகள் வாங்கினார். எட்டாம் மாதம் ஒரு சோடி பிரிந்தது. முட்டையிட்டு மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இலையில் ஒட்டியிருந்த முட்டைகளில் வால்கள் துடித்துக்கொண்டிருந்தன.