லண்டனுக்கும் சிட்னிக்கும் எவ்வளவு தூரம்?



பூகோள உருண்டையின்மீது லண்டனையும் சிட்னியையும் ஒரு நூலால் இணைத்து அளந்து பாருங்கள். உருண்டையின் அளவுக்கேற்பக் கணக்கிட்டால், ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர் வரும். இத்தூரம் அன்றும் இன்றும் ஒன்றே. பயண நேரம் மட்டும் வாரங்களிலிருந்து மணிகளாகச் சுருங்கிவிட்டது. விமானத்தின் வேகம் பெருகியதே இதற்குக் காரணம் எனப் பலரும் விடை கூறுவர். அது பாதி விடையே. மறுபாதியை வரலாற்றில் காண்போம்.

இங்கிலாந்திலிருந்து 30 நாட்களுக்குள் தாய்நாட்டுக்குப் பறந்து வரும் ஆஸ்திரேலியருக்கு 10,000 பவுன் பரிசு என 1919-இல் ஆஸ்திரேலிய அரசாங்கம் அறிவித்தது. ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்னும் சகோதரர் இருவரும், பென்னட், ஷியர்ஸ் என்னும் இயந்திர வல்லுநர் இருவரும் 'விக்கர்ஸ் விமி' விமானத்தில் நவம்பர் 12-ஆம் நாள் லண்டனை அடுத்த ஹவுன்ஸ்லோவிலிருந்து புறப்பட்டனர். கெய்ரோ, கராச்சி, டில்லி, கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர் வழியாகச் சென்று, டிசம்பர் 10 அன்று ஆஸ்திரேலியாவின் வடகோடியிலுள்ள டார்வினில் இறங்கினர். ஏறக்குறைய 28 நாட்கள்!

ஆயினும், அவர்கள் வானில் பறந்தது சுமார் 135 மணி நேரமே. ஆறு நாட்கள்கூட இல்லை. எஞ்சிய நாட்கள் தரையிலேயே கழிந்தன. இரவில் தங்கவும், எண்ணெய் நிரப்பவும், இயந்திரத்தைச் செப்பனிடவும் வேண்டியிருந்தது. கல்கத்தாவிலும் ரங்கூனிலும் குதிரைப்பந்தய மைதானங்களிலேயே இறங்கினர். ஜாவாத் தீவின் சுரபாயாவில் சக்கரங்கள் சேற்றில் புதைந்தன. அவ்வூர் மக்கள் மூங்கிற்பாய்களைக் கொணர்ந்து விரித்துப் பாதை அமைத்தனர். அதன்மீது ஓடியே விமானம் மேலெழுந்தது. விமானத்தின் வேகம் இருமடங்காக இருந்திருப்பினும், மூன்று நாட்களுக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

அப்போட்டியில் நால்வர் உயிரிழந்தனர் என்பதையும் மறத்தலாகாது. இருவர் லண்டனுக்கு அருகிலேயே வீழ்ந்தனர். இருவர் கிரேக்க நாட்டுக் கார்பூ தீவை அடுத்த கடலில் மூழ்கினர்.

1947 டிசம்பர் 1-இல் குவாண்டாஸ் நிறுவனம் சிட்னியிலிருந்து லண்டனுக்குத் தன் பயணிகள் சேவையைத் தொடங்கியது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலி ஆகிய ஆறிடங்களில் இறங்கி, நான்கு நாட்களில் அவ்விமானம் லண்டனை அடைந்தது. வேகம் மிகுந்திருந்தது, அதனோடு வழிநெடுகிலும் உறுதியான ஓடுபாதைகளும் எண்ணெய்க் கிடங்குகளும் வானிலைச் செய்திகளும் ஆயத்தமாக இருந்தன.

1959-இல் அந்நிறுவனம் ஜெட் விமானங்களை இவ்வழியில் செலுத்தியது. அதன்பின் விமானங்களின் வேகம் பெரிதும் உயரவில்லை. இறங்காமல் பறக்கும் தொலைவே வளர்ந்தது. 1989 ஆகஸ்டில் ஒரு போயிங் 747 விமானம், கட்டணப் பயணிகள் இன்றி, லண்டனிலிருந்து சிட்னிக்கு எங்கும் இறங்காமல் 20 மணி 9 நிமிடத்தில் பறந்தது. 2018 மார்ச்சில், ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த்திலிருந்து லண்டனுக்கு, 14,498 கிலோமீட்டரைச் சுமார் 17 மணி நேரத்தில் இடைநில்லாது கடக்கும் பயணிகள் சேவை தொடங்கிற்று.

ஆகவே, ஒரு பயணத்தின் கால அளவை ஆராயும்போது, "எவ்வளவு வேகம்?" என்பதோடு, "வழியில் எத்தனை முறை இறங்க வேண்டும்? இறங்குமிடத்தில் என்ன ஆயத்தம் உண்டு?" என்றும் வினவுங்கள். அப்பொழுது விமானியின் துணிவோடு, சேற்றில் பாய் விரித்த சுரபாயா மக்களின் உழைப்பும் உங்கள் கணக்கில் இடம்பெறும்.