வட்டில் கழுவிய நீர்

பெரும்பாணாற்றுப்படையைப் பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவருகிறேன். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பாட்டு. பாணன் போகும் வழியில் ஒரு கடற்கரைப் பட்டினம் வரும். அங்கே தங்கினால் கொழுத்த பன்றிக் கறியும் கள்ளும் கிடைக்கும் என்று அவனுக்கு ஆசை காட்டப்படும். அந்தப் பன்றி எப்படி வளர்ந்தது என்பதையும் புலவர் சொல்கிறார். கள் சமைக்கும் பெண்கள் வட்டில் கழுவிக் கொட்டிய நீர் வழிந்து சேறாகிக் கிடக்கிறது. பெண் பன்றிகள் குட்டிகளோடு அதில் புரள்கின்றன. அவற்றோடு சேரவிடாமல் ஆண் பன்றியைக் குழியில் நிறுத்தி, நெல் மாவு ஊட்டிக் கொழுக்க வைத்திருக்கிறார்கள்.

இந்த இடம் வந்ததும் வகுப்பு சிரிக்கும். நானும் சிரித்துவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவேன். போன வருடம் ஒரு மாணவி சிரிக்காமல் கேட்டாள்: "அந்தப் பொம்பளைங்க எவ்வளவு பாத்திரம் கழுவியிருந்தா மேடம், தெருவே சேறாகியிருக்கும்?" அவளுடைய அம்மா கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவப் போகிறவர் என்று பிறகு தெரிந்தது. முனைவர் பட்டம் வாங்கிய எனக்குப் பதினெட்டு ஆண்டுகளாகப் பன்றிதான் தெரிந்தது. அவளுக்குத் தண்ணீர் தெரிந்தது.

அந்தக் கேள்விக்குப் பிறகு, மறந்துபோனதாக நான் நினைத்திருந்த ஒரு சத்தம் நினைவுக்கு வந்தது. கண்ணாடிப் பாட்டிலுக்குள் மணலும் பொடிக் கல்லும் குலுங்கும் சத்தம்.

அப்பா குடித்த பிராந்தி பாட்டில்களை அம்மா வீசமாட்டார். சலவைச் சோடா கலந்த வெந்நீரில் ஊறவைப்பார். காகிதம் ஊறியதும் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி எடுப்பார். உள்ளே மணலும் கூழாங்கல்லும் போட்டு, வாயை உள்ளங்கையால் பொத்திக் குலுக்குவார். மூன்று நான்கு தண்ணீர் மாற்றி, வெயிலில் கவிழ்த்து வைப்பார். பிறகு அதில் நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், மண்ணெண்ணெய் என்று இடம் பிடிக்கும். ஒருமுறை நான் லேபிளைப் பாதி சுரண்டிவிட்டுப் போதும் என்று எழுந்தேன். "முழுசாப் போகணும்டி. பக்கத்து வீட்டுக்காரங்க வந்து போற இடம்" என்றார். அம்மா கழுவியது பாட்டிலை மட்டுமல்ல என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

எண்ணெய் ஊற்றும் பாட்டிலுக்கு இவ்வளவு வேலை என்றால், மறுபடியும் மதுவையே ஊற்றப்போகும் பாட்டிலுக்கு இதைப்போல் இரண்டு மடங்கு வேலை. வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களின் கையேடுகள் எல்லாம் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. தானியத்தை ஊறவைப்பதும் கொதிக்கவைப்பதும் ஒரு நாள் வேலை. நொதிப்பதை ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும். மனிதர் செய்யவேண்டிய மீதி வேலை பெரும்பாலும் கழுவுவதுதான். 19 லிட்டர் பியருக்கு 355 மில்லி பாட்டில்கள் ஐம்பதுக்கு மேல் வேண்டும். பழைய பாட்டிலின் அடியில் காய்ந்த ஈஸ்ட் ஒரு படலமாக ஒட்டியிருக்கும். அதைத் தேய்த்து எடுக்காமல் கிருமிநாசினி ஊற்றிப் பயனில்லை. அழுக்கு கிருமிக்குக் கூரையாகிவிடும். சோப்பு தங்கினால் நுரை நிற்காது. கழுவிய ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். வாயில் சில்லு பெயர்ந்திருந்தால் ஒதுக்க வேண்டும். கழுவியது சரியில்லை என்றால் காட்டுக் கிருமிகள் உள்ளே மிச்சமிருக்கும் சர்க்கரையைத் தின்று வாயுவைப் பெருக்கும். மூடிய பாட்டில் ஒரு நாள் வெடிக்கும்.

இந்த வேலையை யார் செய்தார்கள் என்று தேடத் தொடங்கினேன். மது வரலாறு கண்டுபிடித்தவர்களின் பெயர்களால் ஆனது. கழுவியவர்களைத் தேட வேண்டுமானால் வேறு இடங்களைப் பார்க்க வேண்டும்.

மெசபடோமியாவில் பியரின் தெய்வம் ஒரு பெண்: நின்காசி. கி.மு. 1800ஐ ஒட்டிய களிமண் பலகைகளில் அவளைப் போற்றும் பாட்டு இருக்கிறது. போற்றும் சாக்கில் பியர் காய்ச்சும் முறையையே சொல்கிற பாட்டு. அதே காலகட்டத்தைச் சேர்ந்த ஹம்முராபியின் சட்டத் தொகுப்பிலும் மதுக்கடைக்காரி வருகிறாள், ஆனால் குற்றவாளியாக. அளவில் ஏமாற்றினால் அவளைத் தண்ணீரில் எறிய வேண்டும். சதிகாரர்கள் அவள் கடையில் கூடியபோது பிடித்துக் கொடுக்காவிட்டால் அவளுக்கு மரணம். தெய்வத்துக்குப் பாட்டு, பெண்ணுக்குத் தண்டனை. அன்றாடம் நடந்த வேலை இரண்டுக்கும் நடுவில் எங்கோ கிடக்கிறது.

இடைக்கால இங்கிலாந்திலும் அப்படித்தான். அங்கே மது காய்ச்சும் பெண்ணுக்கு 'ப்ரூஸ்டர்' என்று தனிச்சொல்லே இருந்தது. 1300ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஊர்களில் விற்ற ஏல் என்னும் பானத்தில் பெரும்பகுதி பெண்கள் வீட்டில் காய்ச்சியது. அவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைப்பது அபராதப் பட்டியல்களிலிருந்து. ஏலின் விலையையும் தரத்தையும் கட்டுப்படுத்திய சட்டத்தின்கீழ் அவர்கள் திரும்பத் திரும்ப நீதிமன்றத்துக்கு வந்து காசு கட்டியிருக்கிறார்கள். ஜூடித் பென்னெட் என்னும் வரலாற்றாசிரியர் இந்தப் பதிவுகளை வைத்து 1996இல் ஒரு நூல் எழுதினார். 1300க்கும் 1600க்கும் இடையில் அந்தத் தொழில் பெண்கள் கையிலிருந்து எப்படிப் போனது என்பதுதான் அதன் கேள்வி.

ஏல் சில நாளில் புளித்துவிடும். அதனால் கொஞ்சமாகக் காய்ச்சி அக்கம்பக்கத்தில் விற்க வேண்டும். வீட்டு வேலைக்கு நடுவில் ஒரு பெண் செய்யக்கூடிய வியாபாரம். ஹாப்ஸ் பூ சேர்த்த பியர் வந்ததும் நிலைமை மாறியது. அது நாள்பட நிற்கும், தூரத்துக்கு அனுப்பலாம். எனவே பெரிய கொப்பரை, நிறைய விறகு, வேலையாட்கள், கடன் எல்லாம் தேவைப்பட்டன. திருமணமான பெண்ணுக்குத் தன் பெயரில் கடன் வாங்குவதும் ஒப்பந்தம் போடுவதும் எளிதாக இல்லை. லாபம் வளர்ந்த இடத்தில் ஆண்கள் வந்தார்கள். பெண்களை யாரும் ஒரே நாளில் துரத்தவில்லை. தொழில் பெரிதானது, அவர்கள் நின்ற இடம் சிறிதானது.

வீட்டுக்குள் மட்டும் வேலை மிஞ்சியது. ஜெர்வேஸ் மார்க்கம் 1615இல் வெளியிட்ட 'இங்கிலாந்தின் இல்லத்தரசி' என்ற நூல் குடும்பத்துக்குத் தேவையான மதுவைக் காய்ச்சுவதை மனைவியின் கடமைகளில் ஒன்றாக வைக்கிறது. ஏலைப் பாட்டிலில் அடைத்துக் கார்க்கை உறுதியான நூலால் கட்டி, குளிர்ந்த நிலவறையில் மணலுக்குள் நிறுத்தச் சொல்கிறது. விற்பனைக்கான மது ஆணின் தொழில். வீட்டு மது மனைவியின் கடமை. ஒரே வேலைதான். கூலி கிடைக்கும் இடமும் கிடைக்காத இடமும்தான் வேறு.

பாட்டில் கழுவும் முறையில் ஒரு செய்தி என்னைத் திடுக்கிட வைத்தது. ஐரோப்பாவில் பழைய பாட்டில்களுக்குள் ஈயக் குண்டுகளைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கழுவும் வழக்கம் இருந்தது. அம்மா கூழாங்கல்லை வைத்துச் செய்தாரே, அதே கை அசைவு. ஒரு குண்டு அடியில் சிக்கிக்கொண்டால் ஈயம் மதுவில் கரையும். வேதியியலாளர் ஃபிரெடரிக் அக்கும் 1820இல் உணவுக் கலப்படம் பற்றி எழுதிய நூலில் இந்த ஆபத்தை எச்சரித்தார். எச்சரிக்கை குடிப்பவர்களுக்கு. தினமும் அந்த ஈயத்தைக் கையில் அள்ளியவர்களைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

1876இல் லூயி பாஸ்டர் பியரைப் பற்றிய தன் ஆய்வை வெளியிட்டார். பியர் கெடுவதற்கு வேண்டாத நுண்ணுயிர்களே காரணம் என்று நிறுவினார். பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் கழுவாத பாத்திரம் அடுத்த ஈட்டைக் கெடுக்கும் என்பது பாத்திரம் கழுவிய பெண்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருக்கும். தயிருக்கு உறை ஊற்றும் எந்தப் பெண்ணுக்கும் இன்றும் தெரியும். அவர்களுக்குக் காரணம் தெரியாது, விளைவு தெரியும். விளைவு தெரிந்தவர்களுக்கு அறிவியல் வரலாற்றில் இடமில்லை.

பாட்டில் கழுவும் பெண் வெளிப்படையாகத் தென்படுவது அமெரிக்க மதுவிலக்குக் காலத்தில். 1920 ஜனவரி 17 முதல் 1933 டிசம்பர் 5 வரை அங்கே நாடு முழுவதும் மதுவிலக்கு. ஆலைகள் மூடின, காய்ச்சுவது வீட்டுக்குள் வந்தது. பியருக்கான மால்ட் பாகு ரொட்டி சுடுவதற்கு என்ற பெயரில் மளிகைக் கடைகளில் தாராளமாகக் கிடைத்தது. பழைய பியர், சோடா பாட்டில்களைச் சேர்த்துக் கழுவி நிரப்பினார்கள். அந்த நாளில் வாய்க்கு வாய் பரவிய ஒரு வேடிக்கைப் பாட்டில் வீட்டில் ஆளுக்கொரு வேலை. கலக்குவது அப்பாவுக்கு. கழுவுவது அம்மாவுக்கு. பாட்டைக் கட்டியவருக்கு இது பெண்ணியச் செய்தி அல்ல, நகைச்சுவை. எல்லோர் வீட்டிலும் அப்படியே இருந்ததால்தான் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். என் வகுப்பு பன்றிக்குச் சிரித்ததைப்போல.

அந்தக் கழுவும் வேலைக்குச் சட்டத்தின் ஆபத்தும் இருந்தது. 1930இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், கள்ள மதுவுக்காக விற்கப்படும் காலிப் பாட்டில்களையும் கார்க்குகளையும் மதுத் தயாரிப்புப் பொருள்களாகவே கருதிப் பறிமுதல் செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. பாட்டிலில் அடைப்பதும் தயாரிப்பின் பகுதிதான் என்பது வாதம். காலிப் பாட்டில் இல்லாமல் மது இல்லை என்பதைச் சட்டமாவது ஒப்புக்கொண்டது.

இதே மதுவிலக்கைக் கேட்டுப் போராடியவர்களிலும் பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள். கிறித்தவப் பெண்கள் மதுவிலக்குச் சங்கம் 1874இல் தொடங்கியது. கேரி நேஷன் கான்சஸ் மாநிலத்தில் 1900 முதல் மதுக்கடைகளுக்குள் புகுந்து, முதலில் கல்லாலும் பிறகு கைக்கோடரியாலும் பாட்டில்களை உடைத்தார். அவருடைய முதல் கணவர் ஒரு மருத்துவர், குடியால் அழிந்தவர். மதுவிலக்கு வந்தபின் 1929இல் பாலின் சேபின் அதை நீக்கக் கோரிப் பெண்களைத் திரட்டினார். உடைத்தவரும் எதிர்த்தவரும் நூல்களில் இருக்கிறார்கள். உடைக்கவும் முடியாமல், மேடை ஏறவும் நேரமில்லாமல், சமையலறைத் தொட்டியில் ஐம்பது பாட்டில்களைக் கழுவியவளுக்கு ஒரு வேடிக்கைப் பாட்டில் ஓர் அடிதான் கிடைத்தது.

பிரிட்டனில் 1963இல் வீட்டில் பியர் காய்ச்ச உரிமம் தேவையில்லை என்றானது. அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அதை அனுமதித்தது. அதன்பின் இது பொழுதுபோக்கானது. ஆண்களும் இப்போது பாட்டில் கழுவுகிறார்கள். கழுவ ஒரு கருவி, கவிழ்த்து வைக்க மரம்போலக் கிளைவிட்ட ஒரு தாங்கி, அலச வேண்டாத கிருமிநாசினி எல்லாம் கடையில் உண்டு. நல்லதுதான். ஆனால் ஒரு வேலையை நாமாக எடுத்துக்கொள்ளும்போது அதற்குப் பெயர் பொழுதுபோக்கு. வேண்டாம் என்று சொல்ல முடியாதவள் செய்யும்போது அதற்குப் பெயரே இல்லை.

இந்தக் கட்டுரையை எழுதும்போது அம்மாவிடம் கேட்டேன்: "அந்தப் பாட்டிலையெல்லாம் ஏம்மா உடைச்சுப் போடல? ஒரு நாள்கூடத் தோணலையா?"

"தோணாம என்ன? உடைச்சா அந்தக் கண்ணாடியை யாருடி பொறுக்குறது? அதுவும் நான்தானே" என்றார்.

இந்த வருடம் அந்த அடிகள் வந்தபோது வகுப்பு வழக்கம்போலச் சிரித்தது. சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு பன்றியை விட்டுவிட்டு, அதற்கு முன்னால் வரும் தண்ணீரிலிருந்து பாடத்தைத் தொடங்கினேன். கழுவியவர்கள் பெண்கள் என்று சொல்லிவிட்டுத்தான் அந்தப் புலவர் மேலே போகிறார். அவர் சொல்லியிருந்தார், நான்தான் நடத்தாமல் இருந்தேன்.