டிரக் எப்படி குடும்ப வண்டி ஆச்சு? செகண்ட் ஹேண்ட் எஸ்யூவியும் ஐம்பது வருஷ சட்ட ஓட்டையும்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

அமெரிக்காவில் இருக்கும் நேயர்கள் கொஞ்ச நாளாகவே ஒரே கேள்வியை வேற வேற மாதிரி கேட்டுட்டு இருக்கீங்க. ரெண்டு மூணு குழந்தைங்க, ஊரிலிருந்து வந்திருக்கிற அப்பா அம்மா, எல்லாரும் ஒரே வண்டியில் போகணும். செகண்ட் ஹேண்டில் ஒரு டாஹோ, சபர்பன், எக்ஸ்பெடிஷன் மாதிரி பெரிய எஸ்யூவி வாங்கலாமா? ஸ்கூல், ஆபீஸ், கடைன்னு தினமும் ஓட்ட சரிப்படுமா?

இதுக்கு யூடியூபில் ரிவ்யூ கொட்டிக் கிடக்கு. நம்ம நிகழ்ச்சி வரலாற்று நிகழ்ச்சி. ஆனா இந்த விஷயத்தில் வரலாறு தெரிஞ்சா ரிவ்யூவே பாதி தேவைப்படாது. இந்த வண்டிகளில் மாடல் வருஷம்ங்கிறது வெறும் வயசு இல்லை. அந்த வருஷத்தில் சட்டம் இதை எந்த அளவுக்குக் காராகப் பார்த்தது, எந்த அளவுக்கு டிரக்காகப் பார்த்தது என்பதும் அதுக்குள்ளேயே இருக்கு.

ஸ்டேஷன் வாசலில் ஆரம்பிச்ச கதை

1935-ல் செவ்ரோலே 'சபர்பன் கேரிஆல்' என்று ஒரு வண்டியை விற்க ஆரம்பிச்சது. அரை டன் டிரக்கின் சேஸி மேல் எட்டு பேர் உட்காரும் இரும்பு உடம்பு. அப்போதெல்லாம் ஸ்டேஷன் வேகன் என்றால் பின்பாதி பெரும்பாலும் மரம்தான். ரயில்வே ஸ்டேஷனில் இறங்குபவர்களையும் பெட்டிகளையும் ஏற்றிப் போகும் வண்டி என்பதால் அந்தப் பெயர். இன்றுவரை விடாமல் புழக்கத்தில் இருக்கும் கார் பெயர்களில் சபர்பன்தான் மூத்தது.

ஆனா ரொம்ப நாள் அது குடும்ப வண்டி இல்லை. வேலை வண்டி. 1967-ல் வந்த மாடலில் டிரைவர் பக்கம் ஒரு கதவு, மறுபக்கம் ரெண்டு கதவு. நாலு கதவு வந்தது 1973-ல்தான். குழந்தைகளை ஏற்றி இறக்கும் அம்மாவை மனசில் வெச்சு செஞ்ச வண்டி இல்லைங்கிறது இதிலேயே தெரியும். குடும்பங்கள் அப்போ ஓட்டியது நீளமான ஸ்டேஷன் வேகன்.

ஒரு சட்டம், ரெண்டு பெட்டி

1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பெட்ரோல் பங்கில் வரிசை. 1975 டிசம்பரில் அமெரிக்கா ஒரு எரிசக்திச் சட்டம் போட்டது: ஒவ்வொரு கம்பெனியும் விற்கும் வண்டிகளின் சராசரி மைலேஜ் இவ்வளவு இருக்கணும். கார்களுக்கு 1985-க்குள் ஒரு கேலனுக்கு 27.5 மைல். நம்ம கணக்கில் லிட்டருக்கு கிட்டத்தட்ட 11.7 கிலோமீட்டர்.

டிரக்குகளுக்கு? தனிப் பெட்டி, தளர்வான கணக்கு. விவசாயியும் கொத்தனாரும் ஓட்டும் வண்டியை ஏன் நெருக்கணும் என்பது நியாயமான யோசனைதான். 1996-லிருந்து 2004 வரை அந்த அளவு 20.7 மைலிலேயே நின்றது. 1978-ல் வந்த 'அதிகம் குடிக்கும் கார்' வரியும் கார்களுக்கு மட்டும்தான். டிரக்குக்கும் எஸ்யூவிக்கும் கிடையாது.

கோடு எழுதுறவங்களுக்கு இது உடனே புரியும். ஒரு இஃப் கண்டிஷன் எழுதினா, எந்தப் பக்கம் செலவு குறைவோ அந்தப் பக்கம் எல்லாரும் வந்து நிற்பாங்க. பெரிய ஸ்டேஷன் வேகன் காரின் பெட்டியில் உட்கார்ந்து கம்பெனியின் சராசரியைக் கீழே இழுத்தது. அதே எட்டுப் பேரை ஏற்றும் சபர்பன் டிரக் பெட்டியில் நிம்மதியா இருந்தது. இன்னொரு பக்கம் மினிவேனும் வேகனின் வாடிக்கையாளர்களை எடுத்துக்கிட்டது.

டெக்சாஸ் மாநிலத்தின் ஆர்லிங்டனில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை ஒன்று இருக்கு. கேப்ரிஸ், ரோட்மாஸ்டர் மாதிரி நீளமான கார்களும் வேகன்களும் அங்கே வந்துட்டு இருந்தன. 1996 கடைசியில் அதை நிறுத்திட்டு தொழிற்சாலையை டிரக்குக்கு மாற்றினாங்க. இன்றைக்கு டாஹோ, சபர்பன், யூக்கான், எஸ்கலேட் எல்லாம் அங்கிருந்துதான் வருது. ஸ்டேஷன் வேகனின் இடத்தில் எஸ்யூவி வந்ததை ஒரே கூரைக்குக் கீழே பார்க்கலாம். அதே சமயத்தில்தான் எஃப்-150 டிரக்கை அடிப்படையாக வெச்சு ஃபோர்டு எக்ஸ்பெடிஷனை இறக்கியது. பெட்ரோல் அப்போ கேலன் ஒரு டாலரை ஒட்டி.

மைலேஜ் மட்டும் இல்லை

'டிரக்' என்ற பெயர் மைலேஜோடு நின்றிருந்தால் இது வெறும் பணக்கதை. பாதுகாப்பு விதிகளிலும் அது நுழைஞ்சது. வண்டி கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் எவ்வளவு தாங்கணும் என்ற விதி கார்களுக்கு 1973-லேயே வந்தாச்சு. பிறகு இலகுவான டிரக்குகளுக்கும் வந்தது. ஆனா ஆட்கள், சாமான் ஏற்றிய மொத்த எடை 6,000 பவுண்டைத் தாண்டினால் விதி பொருந்தாது. பெரிய எஸ்யூவிகள் எல்லாம் தாண்டுபவைதான். இவற்றையும் உள்ளே கொண்டுவந்த விதி 2009-ல்தான் எழுதப்பட்டது, அதுவும் பல வருஷ அவகாசத்தோடு. அதிலும் சின்ன வண்டியின் கூரை தன் வெற்று எடையைப் போல 3 மடங்கு தாங்கணும். பெரிய வண்டிக்கு 1.5 மடங்கு போதும். பெருசா இருந்தா பத்திரம் என்று நினைச்சு வாங்குற குடும்பத்துக்கு இதை யாரும் சொல்லவே இல்லை.

இன்னொன்று, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நிற்கும் குழந்தை தெரியாத பிரச்சினை. உயரமான வண்டிகளில் இது இன்னும் மோசம். வீட்டு வாசலிலேயே, பெற்றோர் கையாலேயே குழந்தைகள் இறந்திருக்காங்க. அப்படி இறந்த ரெண்டு வயசுக் குழந்தையின் பெயரில் 2008-ல் சட்டம் வந்தது. எல்லாப் புது வண்டியிலும் ரிவர்ஸ் கேமரா கட்டாயம் ஆனது 2018 மே மாதத்தில். நடுவில் பத்து வருஷம். இன்றைக்கு செகண்ட் ஹேண்ட் சந்தையில் நிற்கும் பல வண்டிகள் அந்தப் பத்து வருஷத்தில் செஞ்சவை.

2008: விலை விழுந்த வருஷம்

2008 ஜூனில் பெட்ரோல் நாலு டாலரைத் தாண்டியது. பழைய பெரிய எஸ்யூவிகளின் விலை சரிஞ்சது. லீஸ் முடிந்து திரும்பி வரும் வண்டிகளால் நஷ்டம் என்று கிரைஸ்லர் லீஸ் கொடுப்பதையே நிறுத்தியது. டாஹோ, சபர்பன் செஞ்சுட்டு இருந்த விஸ்கான்சினின் ஜேன்ஸ்வில் தொழிற்சாலை, கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் முன்னால் மூடப்பட்டது. அடுத்த வருஷம் அரசாங்கமே பணம் கொடுத்து, மைலேஜ் குறைந்த சுமார் 6.8 லட்சம் பழைய வண்டிகளை வாங்கி, இன்ஜினில் சோடியம் சிலிக்கேட் ஊற்றி இறுக வைத்து அழித்தது. ஓடுற நிலையில் இருந்த வண்டிகள் அவை.

சரி, எதைப் பார்த்து வாங்குறது?

முதல்ல வருஷம். சறுக்கும்போது வண்டியைத் தானே நேராக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் 2012 மாடலிலிருந்து எல்லா வண்டிக்கும் கட்டாயம். இது எஸ்யூவி கவிழும் தனி விபத்துகளை 84 சதவீதம் குறைக்கும் என்று அமெரிக்க சாலைப் பாதுகாப்புத் துறை மதிப்பிட்டது. அதுக்கு முந்தைய வண்டி என்றால் இருக்கான்னு பார்த்துட்டு வாங்குங்க. கேமரா இல்லையா, வாங்கின அன்னைக்கே போடுங்க.

ரெண்டாவது இன்ஜின். மைலேஜ் நெருக்கடியைச் சமாளிக்க, 2007 டாஹோ, சபர்பன் வரிசையின் 5.3 லிட்டர் இன்ஜினில் தேவையில்லாதபோது எட்டில் நாலு சிலிண்டரை அணைக்கும் ஏற்பாடு வந்தது. அதுக்கான லிஃப்டர்கள் பழுதாவதும், இன்ஜின் ஆயில் குடிப்பதும் மெக்கானிக்குகள் நன்கு அறிந்த தொல்லை. காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. 'டிக் டிக்' சத்தத்தைக் கேளுங்க, ஆயில் மாற்றிய ரசீதுகளைக் கேளுங்க. இதுக்கு நேர் எதிர், 2008-லிருந்து 2022 வரை வந்த டொயோட்டா செக்வோயாவின் 5.7 லிட்டர் இன்ஜின். சிலிண்டர் அணைக்கும் வித்தை எதுவும் கிடையாது. பதிலுக்கு மைலேஜ் 15-ஐ ஒட்டித்தான்.

மூணாவது, அடியில் படுத்துப் பாருங்க. ஃப்ரேம் மேல் கட்டிய வண்டி என்பதால் உப்பு தூவும் பனி மாநிலங்களில் ஓடியிருந்தால் துருதான் முதல் எதிரி.

நாலாவது, மூணாவது வரிசை சீட். எக்ஸ்பெடிஷனில் 2003-லிருந்தே பின்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன். அதனால் சீட் தரைக்குள் மடங்கும். டாஹோவும் சபர்பனும் 2020 வரை டிரக் மாதிரி ஒரே தண்டு ஆக்சில். 2007-லிருந்து 2014 வரை மாடல்களில் பின் சீட்டைக் கழற்றித் தூக்கி கேரேஜில் வைக்கணும். உங்க சைல்ட் சீட்டைக் கையோடு எடுத்துட்டுப் போய் ஒவ்வொரு வரிசையிலும் மாட்டிப் பாருங்க. அப்பாவையும் பின்னால் ஏறி உட்காரச் சொல்லுங்க.

கடைசியா செலவு. வருஷத்துக்கு 12,000 மைல் ஓட்டினால் 16 மைல் கொடுக்கும் எஸ்யூவிக்கு 750 கேலன். 22 கொடுக்கும் மினிவேனுக்கு 545. கேலன் 3.50 டாலர் என்றால் வித்தியாசம் கிட்டத்தட்ட 720 டாலர்.

என் கருத்தைக் கேட்டா: படகோ டிரெய்லரோ இழுக்கணும், இல்லை ஏழு எட்டுப் பேர் பெட்டியோடு அடிக்கடி தூரப் பயணம் போகணும்னா, இந்த வண்டிக்கு ஈடு இல்லை. தாராளமா வாங்குங்க. வெறும் ஸ்கூலும் காஸ்ட்கோவும்னா மினிவேன் அதே வேலையைச் செய்யும், வாசல் தாழ்வா இருக்கும், அம்மாவுக்கு முட்டி வலிக்காது. வெளியே நடக்கிறவங்களையும் கணக்கில் எடுங்க. பானட் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் இடித்தால், தாழ்வாகச் சரிந்த பானட் கொண்ட வண்டிகளைவிட பாதசாரி இறக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் கூடுதல் என்று அங்குள்ள காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வு மையம் 2023-ல் சொன்னது.

உள்ளே இருக்கிற நம்ம குழந்தைக்காக வாங்குற வண்டி, வெளியே நிற்கிற குழந்தைக்கும் பத்திரமா இருக்கணும். சட்டம் அதைக் கேட்க ஐம்பது வருஷம் எடுத்துக்கிச்சு. வாங்குற நாம டெஸ்ட் டிரைவ் அன்னைக்கே கேட்கலாம்.