மராமத்துக்கு யார் பணம் தருவது? குதுப் மினாரை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஏரி, கண்மாய், சத்திரம், அரசுக் கட்டடம் ஆகியவற்றைப் பழுதுபார்க்கும் வேலையைத் தமிழில் 'மராமத்து' என்கிறோம். அரபு வேரிலிருந்து பாரசீகத்தின் வழியாக நிர்வாக மொழிக்குள் வந்து நிலைத்த சொல் இது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் கல்வெட்டுகளில் 'புதுக்குப்புறம்' என்றொரு சொல் வழங்கியது. கோயிலைப் புதுக்கும் செலவுக்கென விடப்பட்ட நிலம் என்பது அதன் பொருள். முதற்சொல் வேலையைக் குறிக்கிறது. இரண்டாம் சொல் அவ்வேலைக்கான வருவாயையும் சேர்த்தே குறிக்கிறது. தில்லியின் நினைவுச்சின்னங்களுக்கான நிதி பற்றிய இன்றைய விவாதத்தை இவ்வேறுபாட்டிலிருந்து தொடங்கலாம் என்று கருதுகிறேன்.

குதுப் மினார் ஒரே காலத்துக் கட்டடமன்று. குத்புதீன் ஐபக் தொடங்கினார்; இல்துத்மிஷ் மேலே உயர்த்தினார். 1368இல் இடி தாக்கி உச்சி சிதைந்தபோது, ஃபிரோஸ் ஷா துக்ளக் அதனைச் சீரமைத்து, சலவைக்கல்லும் செம்மணற்கல்லும் கலந்த மேல்நிலைகளை எழுப்பினார். 1503இல் சிக்கந்தர் லோடியின் காலத்தில் மீண்டும் பழுதுபார்க்கப்பட்டது. இவற்றை அரசர்களின் பெயரால் பதிவுசெய்யும் கல்வெட்டுகள் அரபு எழுத்தில் உள்ளன. அதே மினாரில் நாகரி எழுத்திலும் சில பொறிப்புகள் உள்ளன. பணியில் ஈடுபட்ட கைவினைஞர்களின் பெயர்களைக் கூறும் அவை, விசுவகர்மாவின் அருளைப் போற்றுகின்றன. ஒரே சீரமைப்புக்கு இரு எழுத்துகளில் இரு நினைவுகள்: பணம் தந்தவரின் நினைவு ஒன்று, உழைத்தவரின் நினைவு மற்றொன்று.

ஃபிரோஸ் ஷா தம் ஆட்சியைப் பற்றி விட்டுச்சென்ற 'ஃபுதூஹாத்-இ-ஃபிரோஸ்ஷாஹி' என்னும் சிறுநூல் நிதி வரலாற்றுக்கு முக்கியமான சான்று. தாம் புதிதாகக் கட்டுவனவற்றைவிட, முன்னைய அரசர்களின் சிதைந்த கட்டடங்களைச் செப்பனிடுவதற்கே முதலிடம் தந்ததாக அவர் அதில் கூறுகிறார். கல்லறைகள், மதரஸாக்கள் ஆகியவற்றின் செலவைப் பழைய அறக்கொடைகளிலிருந்தே ஈடுசெய்ததாகவும், அத்தகைய வருவாய் இல்லாத இடங்களுக்குச் சில கிராமங்களின் வருவாயை நிலையாக ஒதுக்கியதாகவும் குறிப்பிடுகிறார். இது நம் புதுக்குப்புறத்துக்கு மிக நெருங்கிய ஏற்பாடு. எனினும், அரசர் தம்மைத் தாமே புகழும் நூல் இது என்பதை மறக்கலாகாது. சில கோயில்களை இடிக்கச் செய்ததையும் அதே நூல் பெருமையுடன் பட்டியலிடுகிறது. எது காக்கப்பட வேண்டும் என்பதைக் கருவூலத்தைக் கையில் வைத்திருப்பவரே தீர்மானிக்கிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1803ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் மினாரின் உச்சிக் குவிமாடம் விழுந்தது. அதே மாதத்தில் தில்லி கம்பெனியின் கைக்குப் போனது. 1828இல் பொறியாளர் ராபர்ட் ஸ்மித் மினாரைச் சீரமைத்து, உச்சியில் வங்காளப் பாணி மண்டபம் ஒன்றைத் தம் விருப்பப்படி அமைத்தார். மினாருக்குப் பொருந்தவில்லை என்று 1848இல் ஹார்டிஞ்ச் பிரபு அதனை இறக்கச் செய்தார். இன்றும் அது வளாகத்துப் புல்வெளியில் நிற்கிறது. பொதுப்பணத்தில் ஏற்றி, பொதுப்பணத்திலேயே இறக்கிய மண்டபம் அது.

1861இல் அலெக்சாண்டர் கன்னிங்ஹாமின் பொறுப்பில் தொடங்கிய தொல்லியல் அளவீட்டுப் பணி, 1866இல் நிறுத்தப்பட்டு 1871இல் மீண்டும் உயிர்பெற்றது. கர்சன் காலத்தில் 1904ஆம் ஆண்டுச் சட்டமும், விடுதலைக்குப் பின் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன. பாதுகாப்பு, அரசின் சட்டப்பூர்வக் கடமையாயிற்று. ஆனால் ஒரு கட்டடத்துக்கும் அதற்குரிய வருவாய்க்கும் இருந்த நேரடித் தொடர்பு இம்மாற்றத்தில் அறுந்தது. நுழைவுக் கட்டணம்கூட அந்தந்தச் சின்னத்துக்கென நிற்பதில்லை. அரசின் தொகுப்பு நிதிக்குச் செல்கிறது. பராமரிப்போ ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் நிதியை எதிர்பார்த்து நிற்கிறது.

விளைவு என்ன? இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2013 அறிக்கை, நேரில் ஆய்வுசெய்த 1,655 சின்னங்களில் 92ஐக் காணவில்லை என்றது. மத்தியப் பாதுகாப்பில் இருந்த 3,693 சின்னங்களுள் 248 இடங்களில் மட்டுமே காவலர்கள் உள்ளனர் என்று பின்னர் நாடாளுமன்றக் குழுவொன்று சுட்டிக்காட்டியது. 2024இல் 18 சின்னங்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அவற்றுள் தில்லியின் பாராகம்பா கல்லறைத் தோட்டமும் ஒன்று. தலைநகரின் நடுவிலேயே ஒரு பாதுகாக்கப்பட்ட சின்னம் தொலைந்துபோக முடிந்திருக்கிறது.

இவ்விடைவெளியை நிரப்பவே 1996இல் தேசியப் பண்பாட்டு நிதியமும், 2017இல் சின்னங்களைத் தத்தெடுக்கும் திட்டமும் வந்தன. 2018இல் ஐந்தாண்டுகளுக்கு 25 கோடி ரூபாய் என்ற உடன்பாட்டில் செங்கோட்டை டால்மியா பாரத் குழுமத்திடம் சென்றபோது பெரும் சர்ச்சை எழுந்தது. அத்திட்டத்தின் மையம் பார்வையாளர் வசதிகளே அன்றிக் கட்டடச் சீரமைப்பு அன்று என்பது அச்சர்ச்சையில் பெரிதும் கவனம் பெறவில்லை. மறுபுறம், ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை ஹுமாயூன் கல்லறையில் செய்த பணியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இருபதாம் நூற்றாண்டில் கூரைமேல் அடுக்கடுக்காகப் பூசப்பட்டிருந்த பத்து லட்சம் கிலோவுக்கும் மேற்பட்ட கான்கிரீட் அப்பணியில் அகற்றப்பட்டது. முந்தைய பழுதுபார்ப்பே கட்டடத்துக்குப் பாரமாகியிருந்தது.

ஆகவே, அரசா தனியாரா என்ற கேள்வி மட்டும் போதாது. அரசுப் பணமும் தவறான வேலைக்குச் செலவாகியிருக்கிறது. தனியார் பணமும் நல்ல வேலையைச் செய்திருக்கிறது. ஆனால் தனியார் கொடை பெரும்பாலும் புகழ்பெற்ற இடங்களையே நாடும். பார்வையாளர் வராத சிற்றூர்க் கல்லறைக்கும், பெயர் தெரியாத படிக்கிணற்றுக்கும் புரவலர் கிடைப்பது அரிது. பொதுநிதியின் முதற்கடமை அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு சின்னத்துக்கும் நிலையான வருவாய்ப் பங்கு ஒன்றை ஒதுக்கி, அதன் வரவுசெலவைச் சின்னத்தின் வாயிலிலேயே எழுதிவைக்கலாம். கல்வெட்டுகள் செய்த வேலையும் அதுதான்: எவ்வளவு நிலம், யார் கொடுத்தது, எதற்காக என்பதை வருவோர் போவோர் யாவரும் அறியும்படி கட்டடத்தின் மேலேயே பொறித்தன. மராமத்து என்ற சொல்லை வைத்துக்கொண்டோம். புதுக்குப்புறம் என்ற சொல்லை மறந்துவிட்டோம். சொல் திரும்பாவிட்டாலும், அது குறித்த ஏற்பாடாவது திரும்ப வேண்டும்.