லிபாவின் கூட்ஸ் வண்டி

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், சாப்பல் ஹில் நகரை ஒட்டி கார்பரோ என்றொரு சிற்றூர் இருக்கிறது. எலிசபெத் காட்டன் 1893-இல் அங்கேதான் பிறந்தார். வீட்டுக்குப் பக்கத்திலேயே தண்டவாளம். அண்ணன் வேலைக்குக் கிளம்பியதும் அவருடைய பாஞ்சோவை எடுத்து வாசித்துப் பார்ப்பது அந்தச் சிறுமியின் வழக்கம். பிறகு வீட்டுவேலைக்குப் போனார். மாதச் சம்பளம் 75 சென்ட். அதைச் சேர்த்துவைத்து 3.75 டாலருக்கு ஒரு கிதார் வாங்கினார். பன்னிரண்டு வயதை ஒட்டி, அந்தக் கிதாரில் ஒரு பாட்டு கட்டினார். 'ஃப்ரெய்ட் டிரெயின்' என்று உலகம் இன்று அறிந்திருக்கும் பாட்டு அதுதான். தப்பி ஓடும் ஒருவர் ஏறிக்கொள்ளும் கூட்ஸ் வண்டியைப் பற்றியது.

அவருக்கு இடது கைப் பழக்கம். கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. வலது கைக்காரருக்கான கிதாரின் தந்திகளை மாற்றிக் கட்டாமல் அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் கட்டைவிரலால் கனத்த தந்திகளில் தாளத்தைப் பிடித்து, மற்ற விரல்களால் மெட்டை வாசிப்பார்கள். இவரோ விரல்களில் தாளத்தை வைத்து, கட்டைவிரலில் மெட்டை வாசித்தார். அந்த ஓட்டத்தைக் கேட்டால் ரயில் போவது தெரியும். பின்னாளில் கிதார்க்காரர்கள் இந்த முறைக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

ஆனால் பாட்டு ஊரைத் தாண்டவில்லை. இளம் வயதிலேயே கல்யாணம், ஒரு மகள், வீட்டுவேலை. தேவாலயத்துக்குப் போகிறவர் உலகியல் பாட்டுகளைப் பாடலாகாது என்று அங்கிருந்த பெரியவர்கள் சொன்னார்கள். கிதாரைத் தொடுவதையே மெல்ல மெல்ல விட்டுவிட்டார். பல பத்தாண்டுகள் அந்தப் பாட்டு ஒரு பெண்ணின் நினைவில் மட்டும் கிடந்தது.

அது வெளியே வந்த விதம் கதைபோல இருந்தாலும் நடந்ததுதான். வாஷிங்டனில் ஒரு பெரிய பல்பொருள் அங்காடியில் அவர் வேலை செய்தபோது, தாயைத் தவறவிட்டு நின்ற ஒரு சிறுமியைக் கண்டு தாயிடம் சேர்த்துவைத்தார். அந்தத் தாய் ரூத் கிராஃபோர்ட் சீகர். சிறுமி பெகி. ரூத் இசையமைப்பாளர், நாட்டுப்புறப் பாட்டுகளை இசைத்தட்டில் கேட்டுக் கேட்டு ஸ்வரப்படுத்தியவர். கணவர் சார்ல்ஸ் இசை ஆய்வாளர். புகழ்பெற்ற பாடகர் பீட் சீகர் சார்ல்ஸின் மூத்த தாரத்து மகன். இந்த அறிமுகத்தால் எலிசபெத் சீகர் வீட்டுக்குச் சமையல் வேலைக்கு வந்தார். குழந்தைகள் அவரை 'லிபா' என்று கூப்பிட்டார்கள். நாள் முழுக்க நாட்டுப்புற இசை ஒலித்த அந்த வீட்டில், அதைத் தன் கையிலேயே வைத்திருந்தவர் அடுப்படியில் நின்றார். அது யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த கிதாரை எடுத்து அவர் வாசித்துக்கொண்டிருந்தபோது பெகி உள்ளே வந்துவிட்டார். அன்றிலிருந்து பிள்ளைகள் அவரிடம் பாட்டுக் கேட்டுப் பழகினார்கள்.

ஐம்பதுகளின் நடுவில் பெகி ஐரோப்பாவுக்குப் போனபோது இந்தப் பாட்டும் கூடப் போயிற்று. லண்டனில் அவர் பாட, கேட்டவர்கள் கற்றுக்கொண்டார்கள். பிரிட்டனில் அப்போது ஸ்கிஃபிள் அலை. மலிவான கிதார், துணி துவைக்கும் தகரப்பலகை, தேயிலைப் பெட்டியில் கட்டிய ஒற்றைத் தந்தி, இவை இருந்தால் இளைஞர்களுக்கு ஒரு குழு தயார். சாஸ் மெக்டெவிட் குழு நான்சி விஸ்கியின் குரலில் வெளியிட்ட 'ஃப்ரெய்ட் டிரெயின்' 1957-இல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை ஏறியது. ஜான் லெனனின் குவாரிமென் குழுவும் இதைப் பாடியது. அந்த நேரத்திலும் லிபா வாஷிங்டனில் வீட்டுவேலைதான் செய்துகொண்டிருந்தார்.

லண்டன் இசைத்தட்டில் பாட்டை இயற்றியவர்களாக அச்சானவை பால் ஜேம்ஸ், ஃப்ரெட் வில்லியம்ஸ் என்ற பெயர்கள். நாட்டுப்புறப் பாட்டு என்றால் ஆசிரியர் கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு எத்தனை பேருக்கு வாயில்லாமல் செய்திருக்கிறது! நம் ஊர்த் தெம்மாங்குக்கும் ஒப்பாரிக்கும் நேர்ந்ததும் இதுதான். தொகுத்தவர் பெயர் அட்டையில் இருக்கும், பாடிய கிழவியின் பெயர் இருக்காது. லிபாவுக்காகப் பேச ஆள் இருந்தது. சீகர் குடும்பம் தலையிட்டது. இழுபறிக்குப் பின் உரிமையில் அவர் பெயரும் சேர்ந்தது. அவருக்கு அந்தக் குடும்பம் செய்த நன்மைகளில் இதையே நான் பெரிதாக நினைக்கிறேன். பாட்டைப் பரப்புவது எளிது. அது யாருடையது என்று கூடவே சொல்லிக்கொண்டு போவதற்குத்தான் அக்கறை வேண்டும்.

பெகியின் அண்ணன் மைக் சீகர் லிபாவின் வீட்டுக்கே ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவு செய்தார். 1958-இல் மோசஸ் ஆஷின் ஃபோக்வேஸ் நிறுவனம் அதை வெளியிட்டது. சின்ன நிறுவனம்தான். ஆனால் விற்றாலும் விற்காவிட்டாலும் எந்த இசைத்தட்டையும் பட்டியலிலிருந்து நீக்குவதில்லை என்பது ஆஷின் கொள்கை. 1987-இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் அந்தச் சேகரிப்பை ஏற்றபோதும் அந்த நிபந்தனை தொடர்ந்தது. இன்றைக்கும் நாம் அதைக் கேட்க முடிவது அதனால்தான்.

அறுபத்தைந்து வயதுக்கு மேல் மேடையேறிய லிபா 1964-இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாடினார். பீட்டர், பால் அண்ட் மேரி குழு அவர் பாட்டைப் பதிவு செய்தது. பாட்டில் வந்த பணத்தில் நியூயார்க் மாநிலத்துச் சிராக்யூஸ் நகரில் வீடு வாங்கினார். தொண்ணூறு தாண்டி கிராமி விருதும் வந்தது. 1987-இல் மறைந்தார்.

இந்தப் பாட்டையும் லிபாவையும் கேட்க வேண்டும் என்றால், நண்பர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் அந்த 1958 பதிவு. 'ஃப்ரெய்ட் டிரெயின் அண்ட் அதர் நார்த் கரோலினா ஃபோக் சாங்ஸ் அண்ட் டியூன்ஸ்' என்ற தொகுப்பில் கிடைக்கிறது. குரலை விட்டுவிட்டு ஒருமுறை கிதாரை மட்டும் கவனியுங்கள். அடுத்து நான்சி விஸ்கி பாடியது. வேகமும் குதூகலமும் கூடியிருக்கும், தப்பியோடுகிறவரின் பயம் மட்டும் காணாமல் போயிருக்கும். பிறகு, 1967-இல் வந்த 'ஷேக் சுகரீ' தொகுப்பு. அதில் கிதார் லிபாவுடையது. தலைப்புப் பாட்டைப் பாடுவது பன்னிரண்டு வயதுக் கொள்ளுப்பேத்தி பிரெண்டா.