தொட்டால்தான் ஆட்டம்

தொடாமல் ஆட முடியாத ஆட்டம் ஜூடோ. 1882இல் ஜப்பானில் ஜிகோரோ கானோ உருவாக்கியது. முதலில் இரண்டு பேரும் குனிந்து வணங்கணும். பிறகு எதிராளியின் காலரையும் கையையும் பிடித்தாகணும். பிடிக்க மறுத்துத் தள்ளித் தள்ளி நின்றால் தண்டனை உண்டு. தொடாதே என்று விதி வைத்திருக்கும் நாட்டில், தொடு என்று விதி வைத்திருக்கும் ஆட்டம் இது.

இந்த ஆட்டத்தில் இந்தியாவுக்கு ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டிலும் சேர்த்து முதல் பதக்கம் வாங்கித் தந்தவர் கபில் பர்மார். மத்தியப் பிரதேசத்துக் கிராமத்துப் பிள்ளை. தகப்பனார் டாக்சி ஓட்டியவர். சின்ன வயசில் தண்ணீர் மோட்டாரைத் தொட்டு மின்சாரம் தாக்கியது, பார்வை போனது. சகோதரனோடு டீக்கடை நடத்திக்கொண்டே பயிற்சி எடுத்தார். 2023இல் ஹாங்சோ ஆசியப் பாரா விளையாட்டில் வெள்ளி. 2024 செப்டம்பர் 5 அன்று பாரிஸில் 60 கிலோ பிரிவில் பிரேசில் வீரரை 10-0 என்று வீழ்த்தி வெண்கலம். பார்வையற்றோர் ஜூடோவில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்ட பிறகுதான் நடுவர் ஆட்டத்தையே தொடங்குவார்.

பதக்கம் வந்தால் இழிவு போய்விடும் என்கிறார்களே, அவர்களுக்குப் பல்வங்கர் பாலுவின் வரலாறு பதில் சொல்லும். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்த தலித் பந்துவீச்சாளர் அவர். அவர் வீசிய பந்தை எல்லாரும் தொட்டார்கள். தேநீர் வேளையில் அவருக்கு மட்டும் வெளியே, தனி மண் குவளை. இந்து அணிக்குக் கேப்டன் பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. போராடிய பிறகு 1923இல் தம்பி விட்டலுக்குத்தான் கிடைத்தது. ஆட்டத்தின் விதி மைதானத்துக் கோட்டோடு நின்றுபோனது.

நம்ம விழுப்புரம் பக்கம் மேல்பாதியில் என்ன நடந்தது? 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன நம்ம ஆட்கள் அடிபட்டார்கள். ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். அடித்தவன் வாசலையும் அடிபட்டவன் வாசலையும் ஒரே பூட்டால் பூட்டுவதற்கு அமைதி என்று பேர். 2025இல் நீதிமன்றம் சொல்லி, போலீஸ் காவலோடுதான் உள்ளே போக முடிந்தது.

திண்டிவனம் காலனிப் பிள்ளைக்கும் ஜூடோ மெத்தை வேணும், பயிற்சியாளர் வேணும், முட்டையும் பாலும் வேணும். கேட்போம். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. மெத்தையின் மேல் அவன் காலரைப் பிடித்தவன், ஆட்டம் முடிந்து ஊருக்குள் எந்தக் குவளையில் அவனுக்குத் தண்ணீர் தருவான்? அதையும் சேர்த்துத்தான் கேட்கணும்.